முதுகில் மூன்றாம் எண்

ஆரோக்கியதாசின் முகத்தைப் பற்றி ஊர்களில் பேச்சு எழுந்தது 1996ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். அதற்கு எட்டு மாதம் முன்பே அவருக்கு அரிப்பு தொடங்கிவிட்டது.

அவர் தொழுநோய் ஆய்வாளர். பதினாறு வருடமாக அதே வேலை. பொள்ளாச்சியில் குடியிருந்துகொண்டு உடுமலைப்பேட்டை வரைக்கும் உள்ள ஊர்களைச் சைக்கிளில் சுற்றி வருவார். வீடு வீடாகப் போய், "ஒடம்புல எங்கயாச்சும் நெறம் மாறின தேமல் இருக்குதுங்களா? அங்க தொட்டா தெரியுதுங்களா?" என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். நோய் உறுதியானவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் இதில் பெரிய வேலை. சிலருக்குத் தோப்பு வேலியோரம் வைத்துக் கொடுப்பார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அஞ்சலகத்தில் வரிசையில் நின்றபடியே கைமாற்றுவார். அவரிடம் நாற்பத்தொரு நோயாளிகள் இருந்தார்கள். நாற்பத்தொரு பேருடைய ரகசியமும் அவரோடு பத்திரமாக இருந்தது.

95ஆம் வருடம் ஐப்பசி மழை விட்டதும் முதலில் கண் இமைகள் அரித்தன. பிறகு கழுத்து, காதுக்குப் பின்புறம், முழங்கை மடிப்பு. கோடையில் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. ஆனியில் சாரல் விழுந்து வாய்க்கால் கரையெல்லாம் பச்சை பிடித்தபோது அது இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. ஆடி பிறந்தபோது நெற்றித் தோல் தடித்து, மடிப்புகள் ஆழமாகி, காது மடல்கள் உப்பி, முகம் முழுக்கக் கருத்துப் போயிருந்தது.

அந்த முகம் அவருக்குப் பழக்கமானது. பயிற்சிக் காலத்தில் முற்றிய தொழுநோயாளியின் படத்தைக் காட்டி, சிங்க முகம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதேபோன்ற முகம் இப்போது சவரம் செய்யும் கண்ணாடியில் இருந்தது.

தொழுநோய்த் தேமல் அரிக்காது. இதை அவரே ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கிறார். தன்னுடையதோ ரத்தம் வரும்வரை சொறிந்தாலும் அடங்காத அரிப்பு. ஆய்வகத்து நண்பர் ஒருவர் அவருடைய காது மடலில் சிறு கீறல் போட்டு, நீர் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார். கிருமி இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார். அப்போதும் இல்லை. இருந்தும் ஆரோக்கியதாஸ் தினமும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கன்னத்திலும் கையிலும் குண்டூசியால் குத்திப் பார்ப்பார். சுரீர் என்று வலித்ததும் நிம்மதி வரும். சட்டை மாட்டி வெளியே வருவதற்குள் அந்த நிம்மதி போய்விடும்.

பக்கத்து வீட்டில் மோர் கொடுத்தனுப்புவதை நிறுத்தினார்கள். அவருடைய மனைவி டீனா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவளிடம் தலைமையாசிரியை நயமாக, "ஊட்டுக்காரரை நல்ல எடத்துல காட்டுங்க டீச்சர். புள்ளைங்க பெத்தவங்க கேக்கறாங்க" என்றார். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத விஷயம் மாட்டுச் சந்தையில் நடந்தது.

அப்துல் கையூம் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். ஐம்பது வயது. உடுமலையில் வீடு. சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல, துண்டுக்கு அடியில் கையால். இரண்டு பேரும் ஒரே துண்டுக்குள் கையை விட்டு, எந்த விரலை எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்பதை வைத்தே விலை முடிந்துவிடும். சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாது. அப்படி விரலால் பிழைக்கிறவருக்கு வலது முன்கையில் தொழுநோய்த் தேமல். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. கண்டுபிடித்தவர் ஆரோக்கியதாஸ். இந்த விஷயம் அவரையும் கையூமின் மனைவி சஃபியாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சந்தையில் அவருடைய துண்டுக்குள் யாரும் கை விட மாட்டார்கள்.

இரண்டு வருட மாத்திரையில் பத்து மாதம் முடிந்திருந்தது. ஆடி மாதச் சந்தையன்று ஆரோக்கியதாஸ் வழக்கம்போல டீக்கடைக்குப் பின்புறம் அட்டையோடு காத்திருந்தார். கையூம் வந்தார். அட்டைக்குக் கை நீட்டவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க பாய்."

"நீங்களும் இந்த மாத்திரைதானே திங்கறீங்க?"

ஆரோக்கியதாசுக்குப் புரிந்துவிட்டது. அந்த அட்டையில் உள்ள மாத்திரைகளில் ஒன்று தோலைக் கருக்க வைக்கும். கையூமும் கருத்திருந்தார். சந்தையில் ஏன் இப்படிக் கருத்துவிட்டாய் என்று கேட்கிறார்கள் என்று இரண்டு தடவை குறைப்பட்டிருக்கிறார். மாத்திரை முடிந்த பிறகு நிறம் திரும்பிவிடும் என்று சமாதானம் சொல்லி வைத்தவர் ஆரோக்கியதாஸ்தான்.

"இல்லீங்க பாய். இது வேற. எனக்கு அந்த நோவு இல்லீங்க."

"நோவு இல்லாமயா காது இப்படித் தடிச்சுக் கெடக்குது? எங்களையெல்லாம் தொட்டுத் தொட்டு உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. நீங்களும் மாத்திரை தின்னீங்க. தின்னும் இப்படித்தான் ஆயிருக்குது. அப்பறம் எனக்கு எதுக்குங்க அது?"

"பாய், நிறுத்திப்போடாதீங்க. நரம்பு..."

"ஆளுங்க பாக்கறாங்க சார். போங்க."

அட்டை அவர் கையிலேயே நின்றுவிட்டது. பதினாறு வருடத்தில் யாரும் அவரிடம் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து டீனாவிடம் சொன்னார். "என்ற மொகமே என்ற வேலையைக் கெடுக்குது."

அப்போதுதான் அவர் ஒரு தப்பைச் செய்தார். தொழுநோயாளிகளுக்கு நரம்பு வீங்கும்போது டாக்டர்கள் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மருந்துக் கடைக்காரர் தெரிந்தவர். சீட்டு இல்லாமலே கொடுத்தார். யாரிடமும் சொல்லாமல் ஆரோக்கியதாஸ் தினமும் எட்டு மாத்திரை விழுங்கினார்.

பத்தே நாளில் அரிப்பு பறந்துவிட்டது. முகம் இறங்கியது. நிறம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த சந்தைக்கு அவர் நிமிர்ந்து போனார். கையூம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அன்றைக்கு ஆரோக்கியதாசுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று டீனா பின்னால் சொல்வாள்.

ஒன்றரை மாதம் கழித்து, நன்றாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினார்.

ஐந்தாம் நாள் கழுத்து எரிந்தது. ஆறாம் நாள் மார்பு. அந்த நிலையிலும் சந்தைக்குப் போனார். கையூம் தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏமாத்திப்போட்டீங்களே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடுகளுக்கு நடுவே மறைந்தார்.

எட்டாம் நாள் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பு முழுக்கச் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. புரட்டாசி வெயிலில் மூன்று போர்வை போர்த்தியும் நடுங்கினார். பாயெல்லாம் தவிடு மாதிரி தோல் உதிர்ந்து கிடந்தது. டீனா காலையில் ஒரு முறம் நிறைய அள்ளினாள். மத்தியானம் மறுபடியும் அதே அளவு. கால் வீங்கி, நாடி எகிறியதும் அவள் யாரையும் கேட்கவில்லை. டாக்சி பிடித்துக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

தோல் மருத்துவர் பத்மாவதி நாற்பதை ஒட்டிய வயதுக்காரர். சுருக்கமாகப் பேசுவார். வார்டில் ஆரோக்கியதாசைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "என்ன மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினீங்க?" என்பதுதான்.

ஆரோக்கியதாஸ் மாத்திரையின் பேரைச் சொன்னார்.

"நீங்க சுகாதாரத் துறைல இருக்கறவர். தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"தெரியும்னு நெனச்சனுங்க டாக்டர்."

பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தார். தோல் முழுக்க அழற்சி என்றால் அது தோலோடு நிற்காது. உடம்புச் சூடு, நீர், சத்து எல்லாம் அந்தச் சிவந்த தோல் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். இரண்டு நாள் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. டீனா வார்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல மெல்ல அடங்கியது.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்தார். "நீங்க சைக்கிள்ல போற பாதையெல்லாம் என்ன செடி இருக்கு?"

ஆரோக்கியதாஸ் யோசித்தார். "சோளக்காடு, தென்னந்தோப்பு... வேலியோரமெல்லாம் பார்த்தீனியமுங்க. இடுப்பளவு நிக்கும். வெள்ளை வெள்ளையாப் பூ."

"எனக்கு அதும்மேலதான் சந்தேகம். அதோட துகள் காத்துல பறந்து தோல்மேல படியுது. தோலுக்குள்ள காவல் நிக்கற செல்லுங்க அதைப் பிடிச்சு, கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டுமே, அந்த முடிச்சுக்குக் கொண்டு போகும். அங்க இருக்கற வெள்ளை அணுக்கள்ல சிலது அதை எதிரின்னு அடையாளம் வெச்சுக்கும். ஒரு தடவை வெச்சுக்கிட்டா ஆயுசுக்கும் மறக்காது. அப்பறம் ஒரு துளி தூசி பட்டாப் போதும், ஆயிரக்கணக்குல வந்து எறங்கும். நீங்க பாக்கற சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் அதுங்க பண்றதுதான். செடி விஷம் இல்லை. உங்க ஒடம்புதான் அதை விஷமா நெனச்சுக்கிச்சு."

"எல்லாரும்தானுங்க அந்தப் பாதையில போறாங்க?"

"எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கு. சந்தேகத்தை உறுதி பண்ணணும். முதுகுத் தோல் நல்லா ஆறட்டும், ஸ்டீராய்டும் குறையட்டும். தை மாசம் வாங்க."

"செடி இல்லைன்னா டாக்டர்?"

"இல்லைன்னா தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்க்கணும். ரொம்ப அபூர்வமா, தோல்ல கூடியிருக்கற வெள்ளை அணுவே புற்றுநோயா மாறியிருக்கும். வெளியே பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். இப்பவே அதை நெனச்சுப் பயப்படாதீங்க."

ஆரோக்கியதாஸ் அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே, சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அவருடைய ஊர்களைத் திருமூர்த்தி என்ற சக ஆய்வாளர் பார்த்துக்கொண்டார். முகம் பாதி இறங்கியும் கருப்பு போகவில்லை.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் அவருடைய முதுகில் பட்டை ஒட்டினார். சின்னச் சின்னத் தகட்டு வில்லைகளில் ஒவ்வொரு பொருள். பேனாவால் முதுகிலேயே எண் போட்டார். ஒன்று சிமெண்டில் இருக்கும் உப்பு. இரண்டு நிக்கல். மூன்று பார்த்தீனியச் சாறு. அதற்குமேல் ரப்பர், வாசனைப் பொருள் என்று பத்து வரை.

"நாப்பத்தெட்டு மணி நேரம். புதன்கிழமை பத்து மணிக்குப் பிரிக்கணும். குளிக்கக் கூடாது. வேர்க்கக் கூடாது. முதுகைச் சாய்க்கக் கூடாது. வெயில்ல போகக் கூடாது. பட்டை கழண்டுச்சுன்னா எல்லாம் வீண். மறுபடி ஒரு மாசம் காத்திருக்கணும்."

அவர் பொள்ளாச்சிக்குத் திரும்பி, முதுகு படாமல் முக்காலியில் உட்கார்ந்தார். திங்கள் இரவு முதுகு லேசாக அரித்தது. எந்த இடம் என்று சொல்ல முடியவில்லை. பத்து இடமும் அரிப்பது போலிருந்தது. மூன்றாம் எண் அரிக்க வேண்டும் என்று ஜெபம் செய்தார். இப்படி ஒரு ஜெபம் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

செவ்வாய் சாயங்காலம் திருமூர்த்தி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியாக இல்லை.

"அண்ணா, கையூம் பாயிங்க. எங்கிட்ட ஒரு அட்டைகூட வாங்கலை. இன்னைக்குச் சந்தையில பாத்தேன். டீ கிளாசை எடங்கையில புடிச்சுட்டு இருந்தாருங்க. சோத்தாங்கைச் சுண்டுவெரலும் மோதிர வெரலும் மடங்கி நிக்குது."

ஆரோக்கியதாஸ் எழுந்துவிட்டார். "எத்தனை நாளா?"

"கேட்டேன். துண்டைக் கைமேல போட்டுட்டுப் போயிட்டாரு. கண்ணால பாத்த அளவுல பத்துப் பதினஞ்சு நாள் இருக்குமுங்க."

இதன் அர்த்தம் இருவருக்கும் தெரியும். நரம்புக்குள் அழற்சி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் விரல் திரும்பும். மாதக்கணக்கில் விட்டால் கை கொக்கி மாதிரி நின்றுவிடும். பிறகு எந்த மருந்தும் உதவாது.

"நாளைக்குக் காலையில மொத பஸ்சுக்குப் போறேன்" என்றார் ஆரோக்கியதாஸ்.

திருமூர்த்தி போனதும் டீனா அவர் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, பத்து மணிக்குக் கோயமுத்தூர்ல இருக்கணும். உடுமலை அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். பஸ்சுல வேர்த்து அது கழண்டு போச்சுன்னா? உங்களுக்கு என்னன்னே தெரியாம இன்னும் ஒரு மாசமா?"

"அந்த மனுசன் என்னை நம்பிக் கைய நீட்டினான். நான் முட்டாத்தனமாப் பண்ணினதுல ரெண்டாவது தடவையும் நம்பிக்கை போயிருச்சு. அவன் வெரல் போனா அது என்னாலதான் டீனா."

அவள் மருத்துவமனைக் கோப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எட்டு மணிக்குப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். அவரைக் கூட்டிட்டு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீங்க வந்தாகணும்."

விடியற்காலை ஐந்து மணி பஸ்சில் அவர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஏறினார். இருக்கையின் நுனியில், முதுகு படாமல், முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பட்டையின் ஒரு ஓரம் தூக்குவது போலிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் துண்டு விலகியதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

உடுமலையில் கையூம் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஆறரை. சஃபியா திறந்தாள். அவரை அடையாளம் தெரிந்ததும் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "உள்ள வாங்க சார். சீக்கிரம்" என்றாள். அவளுடைய குரலில் அழுகை இருந்தது.

கையூம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கைமேல் துண்டு. "எதுக்கு வந்தீங்க?"

"கையைக் காட்டுங்க பாய்."

"காட்ட முடியாதுங்க. உங்க மாத்திரையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

சஃபியா குறுக்கிட்டாள். "போன வாரம் சோறு பெசையறப்ப வெரல் சுட்டுப்போட்டாருங்க. சுட்டதே தெரியலைங்கறாரு."

"நீ சும்மா இரு!" கையூம் அதட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவராலும் சும்மா இருக்க முடியவில்லை. "சந்தையில துண்டுக்குள்ள கைய விட்டேன் சார். அந்தாளு என்ற சுண்டுவெரலை அமுக்கறான், எனக்குத் தெரியலை. நான் பாட்டுக்குத் தலையாட்டிப்போட்டேன். அவன் துண்டை எடுத்துட்டு என்ற மொகத்தையே பாக்கறான்."

ஆரோக்கியதாஸ் பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தார். "இதை அந்த ரெண்டு வெரலுக்கு நடுவுல புடிங்க. நான் இழுக்கறேன். விடாதீங்க."

கையூம் தயங்கித் துண்டை விலக்கினார். டிக்கெட்டைப் பிடித்தார். ஆரோக்கியதாஸ் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. அது தானாக நழுவித் தரையில் விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"இன்னும் காலம் இருக்குதுங்க பாய். இன்னைக்கே என்கூடக் கோயமுத்தூர் வாங்க."

"உங்க மொகத்தை வெச்சுட்டு எப்படி சார் என்னை நம்பச் சொல்றீங்க?"

ஆரோக்கியதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பது. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

"என்ற முதுகுல பத்து வில்லை ஒட்டியிருக்குது. மூணாம் நம்பர்ல பார்த்தீனியச் செடியோட சாறு. எனக்கு வந்திருக்கறது அந்தச் செடியால வந்த அலர்ஜின்னு டாக்டர் சந்தேகப்படறாங்க. அது நெசம்னா மூணாம் நம்பர் மட்டும் செவந்திருக்கும். நான் இன்னும் பாக்கலை. எனக்கும் தெரியாது. நீங்களே பிரிங்க. செவந்திருந்தா என்ற நோவு வேற, உங்க நோவு வேற, நான் உங்க மாத்திரையைத் தின்னதில்லை. என்கூட வரணும். செவக்கலைன்னா நான் போயர்றேன். அப்பறம் வரமாட்டேன்."

"செவக்கலைன்னா உங்களுக்கு என்ன சார்?"

"அது எனக்கும் அந்த டாக்டருக்கும் இருக்கற சமாச்சாரமுங்க."

அவர் திரும்பி உட்கார்ந்தார். கையூம் எழுந்து வருவது கேட்டது. முதுகில் விரல்கள் பட்டன. வலது கை. பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பப் பார்த்தன. முடியவில்லை. வழுக்கின. மறுபடியும் முயன்றன. பட்டை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று அந்த இரண்டு விரல்களுக்கும் தெரியவில்லை. ஆரோக்கியதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ பேரை ஊசியால் தொட்டுப் பார்த்தவர் அவர். உணர்ச்சியில்லாத விரல் தன்மேல் தடவித் தேடுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கையூம் இடது கைக்கு மாறினார். பட்டை சரசரவென்று உரிந்தது.

"ஒண்ணு... ஒண்ணுமில்லீங்க. ரெண்டு, ஒண்ணுமில்லை."

அதற்குப் பிறகு சத்தமில்லை. வெளியே பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"பாய்?"

"சஃபியா, இங்க வா. இதைப் பாரு."

"யா அல்லா" என்றாள் சஃபியா.

"என்னங்க? சொல்லுங்க பாய்!"

"தீப்பட்ட மாதிரி செவந்து, தடிச்சுக் கெடக்குது சார். மேல பொடிப்பொடியா நீர் கோத்திருக்குது."

"எந்த நம்பருங்க?"

"மூணுங்க. மத்ததெல்லாம் வெறும் தோலுங்க."

ஆரோக்கியதாஸ் குனிந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கையூம் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையை எடுத்து அவருடைய தோளில் போட்டார். பிறகு சஃபியாவிடம் திரும்பி, "என்ற வேட்டியை எடு. சாரோட போயிட்டு வாரேன்" என்றார்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் எட்டு மணியிலிருந்து நின்றிருந்த டீனா, எட்டே முக்காலுக்கு இருவரும் சேர்ந்து இறங்கி வருவதைப் பார்த்தாள். கோயம்புத்தூர் பஸ்சில் மூன்று பேர் இருக்கையைப் பிடித்தாள்.

டாக்டர் பத்மாவதி முதுகைப் பார்த்துக் கோபப்பட்டார். "யார் பிரிச்சது? எத்தனை மணிக்கு?" காரணத்தைக் கேட்ட பிறகு கோபம் பாதி அடங்கியது. லென்ஸ் வைத்து மூன்றாம் எண்ணை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு பலமா இருக்கறப்ப மூணு மணி நேரம் முன்னபின்ன ஒண்ணும் பண்ணாது. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கறேன். ஆனா எனக்குச் சந்தேகம் தீர்ந்துடுச்சு. செடிதான்."

பிறகு கையூமின் முழங்கை நரம்பைத் தொட்டார். கையூம் முகத்தைச் சுளித்தார். உடனே ஸ்டீராய்டு எழுதினார்.

பஸ்சில் ஆரோக்கியதாஸ் தன் கதையைச் சொல்லியிருந்ததால், டாக்டர் மாத்திரையின் பெயரைச் சொன்னதுமே கையூம் உஷாரானார். "இதைத்தானுங்களே சார் தின்னு கெட்டுப் போனாரு?"

"அவர் தானா ஆரம்பிச்சு தானா நிறுத்தினார். நீங்க நான் சொல்ற மாதிரி சாப்பிட்டு, நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். உங்க நரம்புக்குள்ள கிருமி இருக்கு. அதை அடிக்க உங்க வெள்ளை அணுக்கள் வந்திருக்கு. வந்தது நல்லதுதான். ஆனா சண்டை நடக்கற எடம் ரொம்பக் குறுகல். வீக்கத்துல நரம்பு நசுங்குது. சண்டையைக் கொஞ்சம் அடக்கணும், அதே சமயம் கிருமி மாத்திரையையும் விடக்கூடாது." ஆரோக்கியதாசைக் காட்டிச் சொன்னார். "இவருக்கு எதிரியே இல்லாத எடத்துல சண்டை. உங்களுக்கு எதிரி இருக்கற எடத்துல அளவு மீறின சண்டை. அவ்வளவுதான் வித்தியாசம்."

கையூமின் விரல்களுக்கு மரக்கட்டை வைத்துக் கட்டினார்கள். கையை இயந்திரத்தில் விட்டுவிட்டதாகச் சந்தையில் சொல்லிக்கொண்டார். மோதிர விரலுக்கு மூன்று மாதத்தில் பலம் வந்தது. சுண்டுவிரலுக்கு ஆறு மாதமானது. அது முழுவதும் நிமிரவே இல்லை. உணர்ச்சி மட்டும் பெரும்பாலும் திரும்பியது. விட்ட மாதங்களையும் சேர்த்து மாத்திரையை முடித்தார். துண்டுக்குள் மறுபடியும் கை விட்டார்.

ஆரோக்கியதாசின் காரியம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வெள்ளை அணுக்களின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைத் தொடங்கினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. நான்காம் மாதம் அந்த அணுக்களின் எண்ணிக்கை அபாய அளவுக்குக் கீழே போய், காய்ச்சலும் வந்தது. டீனாவுக்கு மறுபடியும் வராந்தா. மாத்திரையை நிறுத்தி, ஐந்து வாரம் கழித்துப் பாதி அளவில் தொடங்கினார்கள். அது ஒத்துக்கொண்டது. 98 கோடையில் காது மடல்கள் பழைய அளவுக்கு இறங்கின. நெற்றிக் கருப்பு கொஞ்சம் தங்கிவிட்டது.

களப்பணிக்குத் திரும்பக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் ஆய்வகத்துக்கு மாற்றல் கிடைத்தது. மற்றவர்களுடைய காது மடலிலிருந்து எடுத்த தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமியை எண்ணும் வேலை. ஊர் ஊராகச் சுற்றிய மனிதருக்கு முதல் ஆறு மாதம் நாற்காலியே முள்ளாக இருந்தது. தன் நாற்பத்தொரு பேரில் யார் யார் மாத்திரையை முடித்தார்கள் என்று திருமூர்த்தியைத் துளைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் நடுவில் விட்டுவிட்டார்கள். அந்த இரண்டும் தன் முகத்தால்தான் என்று அவருக்கு எண்ணம். இல்லையென்று யார் சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

வாடகை குறைவு என்று சரவணம்பட்டியில் வீடு எடுத்தார்கள். வந்த முதல் மழையிலேயே பக்கத்துக் காலிமனை முழுக்கப் பார்த்தீனியம் முளைத்தது. மனைக்காரர் யாரென்றே தெரியவில்லை. டீனா புதுப் பள்ளியிலிருந்து வந்ததும் கையில் உறை மாட்டி, முக்காடு போட்டு, உப்புக் கரைசலைத் தெளிப்பானில் ஊற்றிக்கொண்டு இறங்கினாள். பூ விடும் முன் கொன்றால்தான் உண்டு. தெருவில் இரண்டு பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுநாள் அவர்களும் வாளியோடு வந்தார்கள்.

ஆரோக்கியதாஸ் சாத்திய சன்னலுக்குப் பின்னால் நின்றபடி, "அந்த மூலையில விட்டுட்டீங்க பாருங்க!" என்று கத்தினார்.

"தெரியுது, தெரியுது. நீங்க உள்ளயே இருங்க" என்றாள் டீனா. வந்து குளித்து, துணியை மாற்றிக்கொண்ட பிறகுதான் அவர் இருந்த அறையின் கதவைத் திறந்தாள்.